அறியப்படாத கரைகள்

தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் முதலாம் இராசேந்திர சோழனின் கடல் கடந்த வெற்றிகளைக் கூறும் கல்வெட்டு ஒன்று உண்டு. 1025ஆம் ஆண்டளவில் சோழர் கப்பற்படை கடாரத்தின்மேற் சென்றபோது கொண்ட ஊர்களும் நாடுகளும் அதில் வரிசையாக வருகின்றன. அவ்வரிசையில் ‘மாநக்கவாரம்’ என்பதும் ஒன்று. இன்று நிக்கோபார் என வழங்கும் தீவுகளே அவை என்பது வரலாற்று அறிஞர் முடிபு. ஓர் அடைமொழி, ஒரு பெயர். அதற்குமேல் கல்தச்சன் ஒன்றும் செதுக்கவில்லை. அங்கே வாழ்ந்தவர் யாவர், அவர் பேசிய மொழி யாது, கரையருகே வந்து நின்ற மரக்கலங்களைக் கண்டு அவர் என்ன எண்ணினர் என்பன பற்றிக் கல் வாய் திறப்பதில்லை.

அந்தக் கல்தச்சன் உளியை எடுத்தபோது, ஆயிரம் ஆண்டுகள் கழித்து அந்தத் தீவுகளில் தமிழ் பேசுவோர் பல்லாயிரவர் குடியேறி வாழ்வர் என்றோ, தன் எழுத்தைப் படித்துவிட்டு ‘இன்னும் நான்கு சொல் கூட்டி எழுதியிருக்கலாகாதா?’ என்று அவர்கள் ஏங்குவர் என்றோ எண்ணியிருப்பானா? எண்ணியிருக்க வழியில்லை. அவனுக்கு நாம் எப்படியோ, அப்படியே நமக்கு இன்னும் ஆயிரம் ஆண்டு கழித்து வரப்போகிறவர்கள். மனித குலத்தின் நெடுந்தொலை எதிர்காலம் எவ்வாறு இருக்கும், அதில் நாம் ஒருபோதும் அறியப்போகாதவை எவை என்ற கேள்வியை வானத்து விண்மீன்களை நோக்கிக் கேட்பதே பலர் வழக்கம். வங்கக் கடலின் கீழைப்புறத்தே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளை நோக்கியும் அதைக் கேட்கலாம். அங்கே அந்தக் கேள்வி வெறும் கற்பனையாக நிற்பதில்லை. உயிர்ப் பிரச்சினையாகவே மாறியிருக்கிறது.

முதலில் கடந்த காலத்தை நோக்குவோம். அந்தமான் காடுகளில் ஆங்காங்கே பெருங்குப்பை மேடுகள் காணப்படுகின்றன. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்தோர் தின்று எறிந்த கிளிஞ்சல்களும், காட்டுப்பன்றி எலும்புகளும், உடைந்த மட்பாண்டங்களும், சாம்பலும் சேர்ந்து உயர்ந்தவை அவை. தொல்பொருள் அறிஞர்கள் இம்மேடுகளைத் தோண்டி ஆராய்ந்து, மிகப் பழையன என்று தெரிந்தவற்றிற்குச் சுமார் 2,200 ஆண்டு வயது கூறினர். ஆனால், ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 2005இல் வெளியிட்ட மரபணு ஆராய்ச்சி வேறொரு கதையைக் கூறிற்று. ஓங்கேயரும் பெரிய அந்தமானியரும் ஏனைய மாந்தரினின்று பிரிந்து பல பத்தாயிரம் ஆண்டுகள் ஆகின்றன என்பது அதன் சாரம். அவர்கள் தீவில் வந்திறங்கிய காலம் அவ்வளவு பழையதா, அல்லது வேறெங்கோ பிரிந்திருந்து பின்னர் வந்தனரா என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

இரண்டாயிரம் ஆண்டு எங்கே, பல பத்தாயிரம் ஆண்டு எங்கே? இடைப்பட்ட காலத்தின் சான்றுகள் என்னவாயின? கடலே விடை. கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, அதாவது இற்றைக்கு ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கடலோரத்திலேயே வாழ்ந்து கிளிஞ்சல் பொறுக்கி உண்ட மக்கள் அக்காலக் கரையோரத்தில்தானே அடுப்பு மூட்டியிருப்பர்! அந்தக் கரை இன்று ஆழ்கடலுக்குள் இருக்கிறது. முதன்முதல் இத்தீவில் கால் வைத்த மனிதன் மூட்டிய நெருப்பின் கரி கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசையே ஆகும். கடந்த காலத்திலும் நமக்கு என்றென்றும் மூடிய கதவுகள் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எழுதி வைத்தவர்களும் பெரிதும் உதவவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வழியே கடலிற் சென்ற மார்க்கோ போலோ, அந்தமானில் நாய்த்தலை மனிதர் வாழ்வதாக எழுதினார். அவர் கரையிறங்கியதாகத் தெரியவில்லை. இறங்காமலே எழுதுவதில் ஒரு வசதி உண்டு. மறுப்பார் எவரும் இலர்!

நிற்க. அறியாமை இயற்கையால் விளைவது ஒருபுறம் இருக்க, அறிய முற்பட்டமையாலேயே அறிவு அழிந்த கதை ஒன்று இத்தீவுகளில் நடந்தது. அதனைச் சற்று விரிவாகக் காண்பது நலம்.

1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் என்ற கடற்படை அதிகாரி அந்தமானில் ஒரு குடியேற்றத்தை நிறுவினார். நோயும் சாவும் மிகவே 1796இல் அது கைவிடப்பட்டது. பின்னர், 1857ஆம் ஆண்டுப் பெரும்புரட்சியில் ஈடுபட்டோரை அடைத்து வைக்க ஓரிடம் வேண்டி, 1858 மார்ச்சில் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். அப்போது பெரிய அந்தமானில் பத்து இனக் குழுவினர் வாழ்ந்தனர்; ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனிப் பேச்சு இருந்தது. எல்லோரும் சேர்ந்து சில ஆயிரம் பேர்; ஐயாயிரம் என்பாரும் உளர். காட்டை வெட்டி வந்த புதியோரை அவர்கள் வில்லும் அம்புமாக எதிர்த்தனர். 1859 மே மாதத்தில் அபர்டீன் என்னுமிடத்தில் நடந்த மோதலை இன்றும் அத்தீவினர் நினைவுகூர்கின்றனர். துப்பாக்கிக்கு முன் அம்பு எவ்வளவு நேரம் நிற்கும்?

அடக்கியபின், அறிந்துகொள்ளவும் திருத்தவும் எண்ணம் பிறந்தது. 1863இல் ராஸ் தீவில் ‘அந்தமான் இல்லம்’ என்ற ஒன்று தொடங்கப்பட்டது. காட்டு மக்களை அழைத்து வந்து, உணவும் உடையும் தந்து, ஆங்கிலம் கற்பித்து, நாகரிகப்படுத்துவது அதன் நோக்கம். நோக்கத்தைக் குறை கூறுவோர் அக்காலத்தில் மிகச் சிலரே. ஆனால், பல்லாயிரம் ஆண்டு தனித்து வாழ்ந்தோரின் உடலுக்கு வெளியுலகின் நோய்கள் புதியவை. மேகநோய் பரவிற்று. 1877இல் தட்டம்மை கொள்ளை நோயாக வந்து, காடு காடாக மக்களை வாரிக்கொண்டு போயிற்று. இல்லத்தில் பிறந்த குழந்தைகளுள் பிழைத்து வளர்ந்தவை இல்லையென்றே கூறலாம்.

இதே காலத்தில்தான் அவர்களைப் பற்றிய அறிவும் ஏடேடாக வளர்ந்தது. ஈ. எச். மேன் என்பவர் அவர்தம் வழக்கங்களையும் சொற்களையும் தொகுத்தார். எம். வி. போர்ட்மன் என்ற அதிகாரி நூற்றுக்கணக்கில் புகைப்படம் எடுத்தார்; உடலை அளந்தார்; 1899இல் இரு பெரும் தொகுதிகளாக வரலாறு எழுதினார். 1906க்கும் 1908க்கும் இடையே அங்குத் தங்கிய மானிடவியல் அறிஞர் ராட்கிளிஃப் பிரவுன் எழுதி 1922இல் வெளிவந்த நூல் உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று. நூல்கள் பெருகப் பெருக மக்கள் குறைந்தனர். மக்கள்தொகைக் கணக்கின்படி 1901இல் பெரிய அந்தமானியர் 625 பேர். 1931இல் 90. 1951இல் 23. 1961இல் 19. மனிதரைப் பற்றிய குறிப்பேடு தடித்துக்கொண்டே போக, குறிப்பேட்டுக்குரிய மனிதர் மெலிந்துகொண்டே போன இந்த விந்தையை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது. வெளியாரின் தொடர்பால் இம்மக்களுக்குத் தீங்கன்றி வேறொன்றும் விளையவில்லை என்று பிற்காலத்தில் போர்ட்மனே கருத்து வெளியிட நேர்ந்தது.

அந்த ராஸ் தீவு இன்று எவ்வாறு உள்ளது? ஒரு காலத்தில் அது தீவுகளின் ஆட்சித் தலைமையிடம். தலைமை ஆணையர் மாளிகை, தேவாலயம், நடன மண்டபம், ரொட்டிச் சாலை, அச்சகம் எல்லாம் அங்கே இருந்தன. 1941 ஜூனில் நிலநடுக்கம். 1942 மார்ச்சில் ஜப்பானியர் வருகை. ஆட்சி அங்கிருந்து அகன்றது. இப்போது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் பெற்றுள்ள அந்த இடத்துக்குச் செல்வோர், ஆல அத்தி இன மரங்களின் வேர்கள் சுவர்களைப் பற்றிப் பிணைந்து, செங்கல்லைத் தாங்கி நிற்பது வேரா, வேரைத் தாங்கி நிற்பது செங்கல்லா என்று தெரியாதபடி நிற்பதைக் காணலாம். எண்பது ஆண்டுகளின் வேலை இது. எண்ணாயிரம் ஆண்டு எனின் கேட்பானேன்!

பத்து மொழிகளின் கதைக்கு மீள்வோம். எஞ்சியவர்கள் 1970ஆம் ஆண்டையொட்டி ஸ்ட்ரெயிட் தீவு என்னும் சிறு தீவில் குடியமர்த்தப்பட்டனர். வெவ்வேறு குழுவினர் ஒன்றுகூடி வாழ்ந்ததால் மொழிகள் கலந்தன. இளையோர் இந்திக்கு மாறினர். 2005ஆம் ஆண்டளவில் மொழியியல் பேராசிரியர் அன்விதா அப்பி அங்குச் சென்று, எஞ்சியிருந்த முதியோரிடம் கேட்டுக் கேட்டு, அகராதியும் இலக்கணமும் தொகுக்கலானார். 2009இல் கோரா மொழி பேசிய கடைசிப் பெண்மணி மறைந்தார். 2010 ஜனவரி 26ஆம் நாள், நாடு குடியரசு நாள் கொண்டாடிக்கொண்டிருந்தபோது, போ மொழியின் கடைசிப் பேச்சாளராகிய போவா என்ற மூதாட்டி சுமார் 85 வயதில் காலமானார். 2020 ஏப்ரலில் சாரே மொழியும் அதன் கடைசிப் பேச்சாளருடன் மறைந்தது.

போவா அம்மையார் தம் மொழியில் உரையாட ஒருவரும் இல்லாத நிலையில் பறவைகளோடு பேசுவதுண்டு என்று அப்பி குறிப்பிட்டுள்ளார். கோப்புகளை ஒரு மொழியினின்று மற்றொன்றுக்குப் பெயர்ப்பதையே அன்றாடப் பணியாகக் கொண்ட நம்மைப் போன்றோர்க்கு இச்செய்தி மற்றவர்க்குப் படுவதைவிடச் சற்று ஆழமாகவே படுகிறது. மொழிபெயர்ப்பு என்பதன் அடிப்படை நம்பிக்கை யாது? இங்குச் சொன்னதை அங்கு எவ்வாறேனும் சொல்லிவிடலாம். முழுதும் இயலாவிடினும் முக்கால் பங்காவது கொண்டு சேர்க்கலாம் என்பதே. அதற்கு இருபுறமும் கரை வேண்டும். ஒரு கரை மூழ்கிவிட்டால் பாலம் எதன்மேல் நிற்கும்?

எது மூழ்கிற்று என்பதற்கு ஒன்று சொல்லலாம். பெரிய அந்தமானிய மொழியின் இலக்கணம் மனித உடலையே அளவுகோலாகக் கொண்டது என்று அப்பி கண்டறிந்தார். உடலை ஏழு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஒட்டு வைத்து, அவ்வொட்டுகளைப் பெயர், வினை, அடை முதலிய எல்லாச் சொற்களிலும் பயன்படுத்தி, உள் வெளி, விளிம்பு மையம் முதலிய உறவுகளையெல்லாம் அம்மொழி பேசுவோர் உணர்த்தினராம். நமக்குத் திணையும் பாலும் எப்படியோ அப்படி அவர்களுக்கு உடலின் பகுதி. உலகத்தை உயர்திணை அஃறிணை என வகுத்துக் காணும் கண் நம்முடையது. தலை முதல் கால் வரை வகுத்துக் காணும் கண் அவர்களுடையது. மனித மனம் இவ்வாறும் எண்ணக்கூடும் என்பது ஏட்டில் ஏறிவிட்டது. அது பெரும் பேறு. ஆனால் அம்மொழியில் ஒரு தாலாட்டு எப்படித் தொடங்கும், ஒரு கோபம் எப்படி முடியும், நாளை என்பதைப் பற்றிப் பாட்டன் பேரனுக்கு என்ன சொல்வான் என்பவற்றை ஏடு முழுதும் கொள்ளவில்லை. அவை போயின.

இனி, அறியக்கூடியதையே அறியாமல் விட்டுவிடுவது என்று ஓர் அரசு முடிவெடுத்த கதைக்கு வருவோம். உலக வரலாற்றில் இது அரிய நிகழ்ச்சி.

தெற்கு அந்தமானுக்கு மேற்கே, சுமார் 60 சதுர கிலோமீட்டர் பரப்புடைய வட சென்டினல் தீவு உள்ளது. சுற்றிலும் பவளப் பாறை, உள்ளே அடர்காடு. அங்கே ஒரு மக்கள் கூட்டம் வாழ்கிறது. அவர்கள் தம்மை என்ன பெயரால் அழைத்துக்கொள்கின்றனர் என்பது நமக்குத் தெரியாது. சென்டினலியர் என்பது நாம் இட்ட பெயர். 2001ஆம் ஆண்டுக் கணக்கில் அவர்கள் 39 பேர் என்றும், 2011இல் 15 பேர் என்றும் பதிவாயிற்று. தொலைவில் நின்று கரையில் தென்பட்ட தலைகளை எண்ணிய எண்ணிக்கை இது. காட்டுக்குள் இருந்தோரை எண்ணினார் யார்?

முற்கூறிய போர்ட்மன் 1880இல் பெரும் படையுடன் அத்தீவில் இறங்கினார். ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன. சில நாள் தேடி, ஒரு முதிய தம்பதியையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்தார். கொண்டுவந்த சின்னாளில் அறுவரும் நோயுற்றனர். முதியவர் இருவரும் இறந்தனர். குழந்தைகளைப் பரிசுப் பொருள்களுடன் திரும்பக் கொண்டுபோய் விட்டனர். அக்குழந்தைகள் தம்மோடு நோயையும் கொண்டு சென்றனரா, சென்று என்ன கதை கூறினர், அக்கதை இன்றும் அங்கே வழங்குகிறதா? நாம் ஒருபோதும் அறியப்போகாதவற்றின் பட்டியலில் இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சுதந்திர இந்தியாவில், 1956இல் பழங்குடியினரைக் காக்கும் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. 1967இல் மானிடவியல் அறிஞர் டி. என். பண்டிட் அடங்கிய குழு அத்தீவுக்குச் சென்றது. அதன்பின் அவ்வப்போது படகில் சென்று தேங்காய், பாத்திரம் முதலியவற்றைக் கரையில் வைத்து வருவது வழக்கமாயிற்று. 1974இல் ஒரு படப்பிடிப்புக் குழுவும் உடன் சென்றது. உயிருள்ள பன்றி ஒன்றையும், ஒரு பொம்மையையும், சில பாத்திரங்களையும், தேங்காய்களையும் மணலில் வைத்தனர். தீவினர் பன்றியையும் பொம்மையையும் ஈட்டியாற் குத்திப் புதைத்தனர். பாத்திரத்தையும் தேங்காயையும் எடுத்துக்கொண்டனர். படக்குழுவின் தலைவர் தொடையில் அம்பு பாய்ந்தது. பொம்மையை ஏன் புதைத்தனர்? அறிஞர்கள் ஏதேனும் காரணம் கூறக்கூடும். நமக்கோ, அது மிகத் தெளிவான ஒரு கடிதமாகவே தோன்றுகிறது. எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதுதான் தெரியவில்லை.

1991 ஜனவரி 4ஆம் நாள் ஒரு புதுமை நிகழ்ந்தது. மதுமாலா சட்டோபாத்யாய என்ற பெண் மானிடவியலாளர் இடம்பெற்ற குழு படகிலிருந்து தேங்காய்களை நீரில் மிதக்கவிட, தீவினர் ஆயுதமின்றி நீரில் இறங்கி வந்து அவற்றை எடுத்தனர். ஓர் இளைஞன் வில்லை வளைத்தபோது அருகிருந்த பெண்ணொருத்தி அவனைத் தள்ளவே, அம்பு குறி தவறி நீரில் விழுந்ததாம். அந்தப் பெண் யார், அவள் ஏன் தள்ளினாள் என்பதும் நமக்கு விளங்காப் புதிரே. எனினும் கதவு சிறிது திறந்தது போலத் தோன்றிற்று.

திறந்த கதவினுள் நுழையலாம் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நடந்தது வேறு. தொண்ணூறுகளின் நடுப்பகுதிக்குப் பின் இப்பயணங்களை அரசு நிறுத்திவிட்டது. தொலைவிலிருந்து கண்காணிப்பது, கை வைப்பதில்லை என்பதே பின்பற்றப்படும் கொள்கை. பெரிய அந்தமானியர்க்கு நேர்ந்தது அதிகாரிகளின் கண்முன் இருந்தது. 1997 முதல் காட்டைவிட்டு வெளியே வரத் தொடங்கிய ஜாரவாக்களிடையே 1999இல் தட்டம்மை பரவியதும் அவ்வச்சத்தை உறுதிப்படுத்திற்று. 2018 நவம்பரில் சட்டத்தை மீறி மதப் பிரசாரத்துக்காக அத்தீவில் இறங்கிய அமெரிக்க இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டபோது, அவரது உடலை மீட்கும் முயற்சியும் கைவிடப்பட்டது. தீவினர் மேல் படை சென்றதும் இல்லை.

இக்கொள்கையை எதிர்ப்போரும் உளர். இருபத்தோராம் நூற்றாண்டில் மனிதரை மருந்தும் கல்வியும் இன்றி விட்டுவைப்பது அறமா, காட்சிச் சாலையில் வைப்பது போன்றதன்றோ என்பது அவர் கேள்வி. எளிதில் ஒதுக்கத்தக்க கேள்வி அன்று அது. ஒரு குழந்தை அங்கே காய்ச்சலில் வாடும்போது நம்மிடம் உள்ள ஒரு மாத்திரை அதனைக் காப்பாற்றக்கூடும். ஆனால் அந்த மாத்திரையைக் கொண்டுசெல்லும் கையே அதனினும் கொடிய நோயைக் கொண்டுசெல்லவும் கூடும் என்பது வெறும் ஊகமில்லை, 1877இன் அனுபவம். மேலும், அவர்கள் தம் விருப்பத்தைத் தெரிவிக்காமல் இல்லை. அம்பின் வாயிலாகப் பலமுறை தெரிவித்துள்ளனர். கேள்விக்கு விடை தெரியாதபோது, திரும்பப் பெற முடியாத செயலைச் செய்யாதிருப்பதே தக்கது என்பது நம் கருத்து. வேண்டும் எனில் ஐம்பது ஆண்டு கழித்தும் அவர்களே படகேறி வரலாம். போ மொழி எந்நாளும் திரும்பி வராது.

இங்கே இடைப்பிறவரலாக ஒன்று. 1977இல் அமெரிக்கர் விண்ணில் ஏவிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொன் முலாம் பூசிய இசைத்தட்டு ஒன்று வைக்கப்பட்டது. எதிர்காலத்தில் யாரேனும் கண்டெடுத்தால் பூமியின் குரல் கேட்கட்டும் என்று, 55 மொழிகளில் வாழ்த்துரை அதில் பதிந்துள்ளது. நம் நாட்டின் கேசர்பாய் கேர்க்கர் பாடிய இந்துஸ்தானி இசைப் பாடலும் உண்டு. இந்தி, வங்காளி, தெலுங்கு, கன்னடம், மராத்தி எல்லாம் உண்டு. பேசுவார் எவருமற்று மண்ணோடு மண்ணாய்ப் போன சுமேரிய, அக்காதிய, ஹிட்டைட் மொழிகளும் உண்டு. தமிழ் இல்லை! நமக்குச் சற்று மனக்குறைதான். இருப்பினும் எண்ணிப் பார்த்தால், களிமண் பலகையில் எழுதிவைத்தமையால் சுமேரிய மொழி விண்ணேறிற்று. எழுத்தே அறியாத அந்தமான் மொழிகள் இடம்பெற வழியே இல்லை. வாயேஜர் ஒன்று வேறொரு விண்மீனின் அருகே செல்ல இன்னும் ஏறத்தாழ 40,000 ஆண்டு ஆகும். அருகே எனில், ஒளியே கடக்க ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும் தொலைவு! அத்தட்டை எவரேனும் கேட்டனரா என்பதை அதனை அனுப்பியவரும் அறியார், நாமும் அறியோம், நம் பேரர்க்குப் பேரரும் அறியமாட்டார்.

நாற்பதாயிரம் ஆண்டு கற்பனைக்கு எட்டாதது எனின், முப்பது ஆண்டு எட்டும். தீவுக் கூட்டத்தின் தென்கோடியாகிய பெரிய நிக்கோபார் தீவில், கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரியம் ஆகியவற்றை முப்பதாண்டுக் காலத்தில் அமைக்கும் திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி அளிக்கப்பட்டது. சுமார் எட்டாயிரம் பேர் வாழும் தீவில் மூன்றரை லட்சம் பேர் வரை வாழ்வர் என்பது திட்டத்தின் எதிர்பார்ப்பு. ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர் காடு இதற்குத் தேவை. மலாக்கா நீரிணையின் வாயிலில் நாட்டுக்குப் பாதுகாப்பும் வாணிகமும் பெருகும் என்பது திட்டத்தை ஆதரிப்போர் கூற்று. அதில் உண்மை இல்லாமல் இல்லை. சோழர் கப்பல்கள் அக்கடல்வழியே கடாரத்துக்குச் சென்றதும் வேறெதற்காக? தோணி ஆமைகள் கரையேறி முட்டையிடும் மணல் அது, ஷோம்பென் பழங்குடியினர் வாழும் காடு அது என்பது மறுப்போர் கூற்று. 2011இல் ஷோம்பென்கள் 229 பேர். வெளியாரில் அவர்தம் மொழியைச் செவ்வனே அறிந்தவர் மிகச் சிலர். ‘துறைமுகம்’ என்பதையும் ‘ஒப்புதல்’ என்பதையும் அவர்களுக்கு எச்சொல்லால் பெயர்த்துச் சொல்வது? மொழிபெயர்ப்பாளர் கண்ணோட்டத்தில் இது சிறு கேள்வி அன்று. மரங்களுக்கு ஈடாக வேறிடத்தில் மரம் நடலாம் என்று கணக்கிட முடிகிறது. 229 பேரின் பின்வரும் ஆயிரம் ஆண்டுக்கு எந்தப் பத்தியில் என்ன எண்ணை இடுவது?

அதே பெரிய நிக்கோபாரின் தென்முனையாகிய இந்திரா முனையில் ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை சுமத்ராவுக்கு அருகே தொடங்கி அந்தமான் வரை கடலடி நிலம் பிளந்தபோது, அம்முனை நான்கு மீட்டருக்கு மேல் கீழிறங்கிற்று. கரையில் நின்ற விளக்கம் கடலில் நின்றது. டிரிங்கெட் தீவு துண்டு துண்டாயிற்று. நாகப்பட்டினமும் கடலூரும் அன்று பட்ட பாட்டைத் தமிழ்நாட்டார்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தெற்கே நிலம் தாழ்ந்த அதே கணக்கில் வடக்கே உயர்ந்தது. வட சென்டினல் தீவைச் சுற்றியிருந்த பவளப் பாறைகள் ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை மேலெழுந்து வெயிலில் வெளுத்தன. தீவினர் மீன் பிடித்துவந்த ஆழமற்ற நீர்ப்பரப்பு ஒரு காலைப் பொழுதில் தரையாகிவிட்டது.

அம்மக்கள் அழிந்திருப்பர் என்றே பலரும் அஞ்சினர். ஓங்கேயரும் ஜாரவாக்களும் மேட்டு நிலத்தை நாடித் தப்பினர் என்ற செய்தி வந்தது. நில நடுக்கத்தின்போது என்ன செய்யவேண்டும் என்று முன்னோர் சொல்லி வைத்திருந்ததைப் போவா அம்மையாரும் பின்னர் நினைவுகூர்ந்தார். சென்டினல் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கடலோரக் காவற்படையின் ஹெலிகாப்டர் ஒன்று அத்தீவின்மேற் பறந்து சென்றது. மரங்களினிடையேயிருந்து ஒரு மனிதன் வெண்மணலுக்கு ஓடிவந்தான்; தலைக்குமேல் இரையும் அந்தப் பொருளை நோக்கி வில்லை வளைத்தான். அக்காட்சி புகைப்படமாகப் பதிந்தது. எவ்வாறு தப்பினர், எத்தனை பேர் தப்பினர், கடல் பின்வாங்கிய நாளைப் பற்றி அன்றிரவு தீயைச் சுற்றி அமர்ந்து என்ன பேசிக்கொண்டனர் என்பது படத்தில் இல்லை. ஹெலிகாப்டர் ஒரு முறை வட்டமிட்டுவிட்டுத் திரும்பிற்று.